பூட்டைத் திறக்க யார் காசு தருவார்கள்?

ஒரு அட்டைப்பெட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உள்ளே நாடக உடைகள்: மடிப்புக் கலையாத பத்து அங்கிகள், காகிதப் பூ ஒட்டிய இரண்டு தலைப்பாகைகள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு சால்வை. பெட்டியின் மேல் மார்க்கரால் ‘நாடகக் குழு – தொடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

ஒரு குடியிருப்புப் பகுதி மையத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் குழுவுக்கு உடை வாங்க நிதி கிடைத்தது. மேடை விளக்கு வாங்கவும் கிடைத்தது. ஆனால் மாலை ஏழு மணிக்கு வந்து கூடத்தின் பூட்டைத் திறந்து, ஒன்பதரைக்கு விளக்கணைத்துப் பூட்டிவிட்டுப் போகும் ஒருவருக்குக் கொடுக்க மட்டும் பணம் இல்லை. அதுவரை சாவியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். ஒத்திகை நின்றது. நாடகமும் நடக்கவில்லை. பெட்டி இரண்டு வருடம் அலமாரியின் மேலேயே கிடந்தது.

‘இவ்வளவு காசு வாங்கியும் ஒன்றும் நடத்தவில்லையே’ என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நிதி கொடுத்தவர்களும் கொஞ்சம் மரியாதையான சொற்களில் அதையேதான் கேட்டார்கள். இருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பணம் என்றால் எல்லாம் ஒரே பணம்தான், கொடுத்துவிட்டால் காரியம் நடந்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். மக்கள் தாங்களே நடத்தும் கலை, பொழுதுபோக்கு முயற்சிகளுக்குப் பணம் எப்படி வருகிறது, எங்கே சிக்குகிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

யாருக்காக, யாரால்?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். அக்கம்பக்க மையம் என்பது வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், அந்தப் பகுதி மக்கள் கூடவும் கற்கவும் பாடவும் ஆடவும், சும்மா உட்கார்ந்து பேசவும் இருக்கும் பொது இடம். பெயர் நாட்டுக்கு நாடு மாறும். லண்டனின் கிழக்குப் பகுதியில் 1884-இல் தொடங்கிய டாயின்பீ ஹால், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் ஆகியவை இந்த வகை இடங்களுக்கு முன்னோடிகள். ஜப்பானில் கோமின்கான் என்று அழைக்கப்படும் மக்கள் கூடங்களுக்கு 1949-இல் வந்த சமூகக் கல்விச் சட்டம் சட்டப்படியான இடம் கொடுத்தது. ஏழைப் பகுதிகளில் ஓவியத்துக்கும் இசைக்கும் என்ன வேலை என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. ஆனால் ஹல் ஹவுஸ் தன் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய முதல் பகுதியே ஒரு ஓவியக்கூடம்தான். கலை என்பது வயிறு நிறைந்த பிறகு வரும் சங்கதி என்று அவர்கள் எண்ணவில்லை. நானும் எண்ணுவதில்லை.

அடுத்தது ‘சமூகம் நடத்துவது’ என்ற சொல். இதைத்தான் எல்லோரும் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் அறைக்கு வண்ணம் பூசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது ஒருவர் வந்து தனக்குப் பிடித்த நிறத்தைப் பூசிவிட்டுப் போகலாம். அல்லது மூன்று நிற அட்டையை நீட்டி, இதில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். அல்லது வண்ணத்துக்கான பணத்தையும் தூரிகையையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு, உதவி வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று சொல்லலாம். மூன்றிலும் அறை புதிதாகிவிடும். மூன்றாவதில் மட்டும்தான் அதை நீங்கள் செய்தீர்கள்.

மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் இதை 8 படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்கள் வெறுமனே கையாளப்படுகிறார்கள். நடுவில் அவர்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. உச்சிப்படியில் முடிவே அவர்கள் கையில் இருக்கிறது. பல மையங்களில் ‘சமூகம் நடத்துகிறது’ என்று பலகை மாட்டியிருக்கும். போய்ப் பார்த்தால் நடுப்படியில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். புதன்கிழமை வகுப்பை வியாழனுக்கு மாற்ற வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ள முடிந்தால் அது சமூகம் நடத்துவது. எங்கோ இருக்கும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால், அது சமூகத்துக்காக வேறு யாரோ நடத்துவது. அதுவும் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல, இரண்டுக்கும் வேண்டிய பணமும் ஒன்றல்ல.

ஒரு பாட்டுக் குழுவின் கணக்கு

இனிச் செலவைப் பார்ப்போம். வாரம் ஒருமுறை கூடிப் பாடும் ஒரு குழு இருக்கிறது, அதன் ஒரு வருடச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்குதான். இடத்துக்கு இடம் மாறும். ஆனால் நான் எழுதிய கணக்குகள் பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருந்தன.

சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு 30 பங்கு. கூடத்தின் மின்சாரம், தண்ணீர், துப்புரவு, ஒழுகும் கூரைக்கு ஒட்டு, இதெல்லாம் சேர்த்து 25. ஒருங்கிணைப்பாளரின் நேரத்துக்கு இன்னொரு 25. காப்பீடும் கணக்குத் தணிக்கையும் 8. வாத்தியம் பழுதுபார்ப்பது, பாட்டுத்தாள் அச்சடிப்பது 7. வருடக் கடைசியில் நடக்கும் கச்சேரிக்கு 5.

இந்த 100-இல் வெளியே இருப்பவர் கண்ணில் படுவது எது? கச்சேரி. அப்புறம் வாத்தியம். இரண்டும் சேர்ந்து 12 பங்கு. புகைப்படம் எடுக்கலாம், பலகையில் கொடுத்தவர் பெயரைப் போடலாம். அதனால் இந்த 12 பங்குக்குப் பணம் தர ஆள் கிடைப்பார்கள். ஆசிரியரின் 30 பங்கைக் கொஞ்சம் அலைந்தால் தேடிவிடலாம். மிச்சமுள்ள 58 பங்கு, அதாவது கூடம், ஒருங்கிணைப்பு, காப்பீடு, தணிக்கை, இவற்றைத் தருகிறேன் என்று முன்வருபவர் அபூர்வம். ஒருவர் வருடம் முழுக்கப் பூட்டைத் திறந்து மூடினார் என்பதைப் புகைப்படமாக எடுத்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்த 58 பங்குக்குப் பெயர் அடிப்படைச் செலவு. எந்த ஒரு நிகழ்ச்சியோடும் ஒட்டாமல், எல்லா நிகழ்ச்சிகளையும் தாங்கி நிற்கும் செலவு அது. நிர்வாகச் செலவு என்று இதைச் சொல்வதுண்டு. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டவுடன் மேசையும் நாற்காலியும் சுழலும் விசிறியும்தான் மனதில் வருகிறது. குறைக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

சரி, சிக்கனமாக இருந்தால் இந்தச் செலவு வருடா வருடம் குறையாதா? குறையாது. 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் மேம்பட்டால் ஒரு மணி நேரத்தில் முன்பைவிட அதிகப் பொருள் செய்யலாம். ஆனால் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கோவைக்கு இன்றும் அதே நான்கு பேர் வேண்டும், அதே நிமிடங்கள் வேண்டும். இருவர் வாசித்து முடித்துவிட முடியாது, பாதி நேரத்தில் முடித்தாலும் அது அந்த இசையாக இருக்காது. ஆனால் மற்ற துறைகளில் சம்பளம் உயர உயர, வாசிப்பவருக்கும் உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஆகவே யாரும் எதையும் வீணடிக்காமலேயே கலையின் செலவு மற்றவற்றைவிட வேகமாக ஏறுகிறது. நம் பாட்டு ஆசிரியரின் கதையும், ஒருங்கிணைப்பாளரின் கதையும் இதுதான். மனித நேரம்தான் இங்கே மூலப்பொருள். அதைச் சுருக்க வழியில்லை.

இதுவரை பார்த்ததில் இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். சமூகம் நடத்துவது என்றால் முடிவு அங்கே கூடுபவர்கள் கையில் இருப்பது. அப்படி நடத்துவதில் செலவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

பணத்துக்கு நிறம் உண்டு

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து இரண்டு விதமாகப் பணம் வரலாம். ‘இது புத்தகத்துக்கு மட்டும், ரசீதை அனுப்பிவிடு’ என்று அப்பா அனுப்புவது ஒன்று. ‘கைச்செலவுக்கு வைத்துக்கொள்’ என்று பாட்டி கொடுப்பது இன்னொன்று. மாதக் கடைசியில் செருப்பு அறுந்துவிட்டது. புத்தகப் பணம் கையில் நிறைய இருக்கிறது, பாட்டி கொடுத்தது தீர்ந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு அந்தப் பிள்ளையிடம் பணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும்.

மையங்களின் கணக்கில் முதல் வகைக்குக் கட்டுப்பட்ட நிதி என்று பெயர்: கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு மட்டுமே செலவழிக்கக்கூடிய பணம். இரண்டாவது கட்டற்ற நிதி: மையம் தன் தேவையைப் பார்த்து எதற்கும் பயன்படுத்தலாம். எங்கள் நாடக உடைப் பணம் முதல் வகை. அதிலிருந்து ஒரு சிறு தொகையை எடுத்துச் சாவி வைத்திருக்கும் ஆளுக்குக் கொடுத்திருந்தால் நாடகம் நடந்திருக்கும். ஆனால் அது கொடுத்தவருக்குச் செய்யும் வாக்குத் தவறாகிவிடும். ஒருவர் ஒரு பைசாவைக்கூடத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளாவிட்டாலும், உடைக்கான பணத்தை மின்சாரத்துக்குக் கட்டினால் அது முறைகேடுதான். ‘நல்ல காரியத்துக்குத்தானே திருப்பினோம்’ என்று சொல்லிப் பின்னால் சிக்கிக்கொண்ட குழுக்கள் உண்டு. புதியவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

இப்போது பணம் வரும் வழிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். மானியம் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டாத, ஆனால் பெரும்பாலும் நிபந்தனையோடு வரும் பணம். உள்ளாட்சி, அரசுத் துறை, அறக்கட்டளை எனப் பலரும் தருவார்கள். பிரிட்டனில் 1994-இல் தொடங்கிய தேசிய லாட்டரியின் வருமானத்தில் ஒரு பகுதி கலைக்கும் சமூகப் பணிகளுக்கும் போகிறது. மானியத்தில் பெரும்பங்கு கட்டுப்பட்ட நிதியாகவே வரும். தனிமனிதர்கள் கொடுக்கும் நன்கொடை சிறியதாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் கட்டற்றது. அதனால் சிறு தொகைதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். மையத்தின் கூடத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடுவதும் அப்படித்தான். அதில் வரும் பணத்தைக் கூரைக்கும் செலவழிக்கலாம், சாவிக்கும் செலவழிக்கலாம். ஒரே ஒரு ஆபத்து, வாடகைக்கு ஆசைப்பட்டு எல்லா மாலைகளையும் வெளியாருக்குக் கொடுத்துவிட்டால், பாட்டுக் குழு பாட இடம் இருக்காது. யாருக்காகக் கட்டினோமோ அவர்கள் வெளியே நிற்பார்கள்.

இன்னொரு வழி, பணமாக வராதது. ஒருவர் தன் தையல் இயந்திரத்தைக் கொடுக்கிறார், இன்னொருவர் வாரம் இரண்டு மணி நேரம் வந்து கணினி சொல்லித் தருகிறார். இதைப் பொருளாகவும் உழைப்பாகவும் வரும் பங்களிப்பு என்பார்கள். இதைக் கணக்கில் எழுதாமல் விடுவது பெரிய தவறு. எழுதி வைத்தால்தான் மையம் நிஜமாக எதன்மேல் நிற்கிறது என்று தெரியும். சில நிதியாளர்கள், நீங்கள் ஒரு பங்கு திரட்டினால் நாங்கள் ஒரு பங்கு தருகிறோம் என்பார்கள். இதற்கு ஈட்டு நிதி என்று பெயர். அப்படிக் கேட்கும்போது பணமில்லாத குழு தன் உழைப்பை மதிப்புப் போட்டுக் காட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பல இடங்களில் கிடைக்கும். கேட்காததால் இழந்தவர்களே அதிகம்.

சரி, அடிப்படைச் செலவுக்கு என்னதான் வழி? நேரான வழி, அதற்கென்றே பல வருடங்களுக்குத் தரும் நிதியாளரைத் தேடுவது. அது கிடைக்காதபோது நடைமுறையில் பயன்படும் வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கதவின் பங்கைச் சேர்ப்பது. நாடகக் குழு கூடத்தை வாரம் ஐந்து மணி நேரம் பயன்படுத்துகிறது, கூடம் மொத்தம் ஐம்பது மணி நேரம் திறந்திருக்கிறது என்றால், கூடத்தின் செலவில் பத்தில் ஒரு பங்கு நாடகத்தின் செலவு. அதை நாடக விண்ணப்பத்திலேயே தனி வரியாக எழுத வேண்டும், கணக்குப் போட்ட விதத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். முழுச் செலவுக் கணக்கு என்பது இதுதான்.

இதை எழுதக் குழுக்கள் தயங்குகின்றன. தொகை கூடிவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டி வாங்கும் ஒவ்வொரு மானியமும் மையத்தை இன்னும் ஏழையாக்குகிறது. 100 பங்கு செலவாகும் வேலையை 60-க்கு ஒப்புக்கொண்டால் மீதி 40 எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது யாரோ ஒருவரின் சம்பளமில்லாத இரவுகளிலிருந்து வருகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு பெண், அவர் களைத்துப்போகும் நாளில் மையம் மூடுகிறது. நிதி தருகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: சாவிக்குப் பணம் கொடுங்கள்.

கொடுப்பதாகச் சொன்னதும் கையில் இருப்பதும்

இது சின்ன விஷயம்தான், ஆனால் பல குழுக்கள் விழுந்த குழி. மானியம் உறுதியாகிவிட்டது என்ற கடிதம் பணம் அல்ல. பல திட்டங்களில் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது காட்டிய பிறகுதான் தொகை வரும். இடையில் மூன்று மாதம் ஆசிரியருக்கு யார் கொடுப்பது? எந்த மாதம் எவ்வளவு உள்ளே வரும், எவ்வளவு வெளியே போகும் என்று மாதவாரியாகப் போடும் கணக்குக்குப் பண ஓட்டம் என்று பெயர். அதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் எந்த மாதத்தில் பள்ளம் விழுகிறது என்று தெரிந்துவிடும். பள்ளத்தை நிரப்ப வைத்திருக்கும் கட்டற்ற பணம்தான் கையிருப்பு. மூன்று மாதச் செலவு அளவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்வது பலரும் சொல்லும் கணக்கு. புதிய குழுவால் அது முடியாது; ஒரு மாதத்துக்காவது சேர்க்கத் தொடங்கலாம். கையிருப்பு இருப்பதைப் பார்த்து ‘இவர்களிடம்தான் காசு இருக்கிறதே’ என்று மானியத்தை மறுப்பது நடப்பதுண்டு. எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை இரண்டு வரியில் எழுதி வைத்திருந்தால் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கட்டணம் வாங்கலாமா?

‘இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு தெரியாது’ என்று ஒரு பேச்சு உண்டு. ‘காசு வாங்கினால் ஏழைகள் வர மாட்டார்கள்’ என்று இன்னொரு பேச்சு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் கூட்டங்களில் இந்த வாதம் முடிவதே இல்லை.

பணம் ஒரு உறவுக்குள் நுழைந்தால் அந்த உறவின் குணம் மாறிவிடும் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வைப் பொருளியலாளர்கள் உரி க்னீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கூடியது. அதுவரை ‘ஆசிரியை காத்திருப்பாரே’ என்று கூச்சப்பட்டவர்களுக்கு, இனிக் காசு கொடுத்தால் தாமதிக்கலாம் என்றாகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டபோதும் பழைய நிலை திரும்பவில்லை.

அக்கம்பக்க மையத்தில் இதே விஷயம் வேறு உருவில் வரும். வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போகிறவர்கள், கட்டணம் வந்த மறுவாரம் அடுக்காமல் போகலாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காசு கொடுத்தவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் நாற்காலி அடுக்க மாட்டார்.

அதற்காகக் கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் அனுபவத்தில் நன்றாக நடந்தது, வாசலில் ஒரு உண்டியல். பக்கத்தில் ஒரு சிறு அட்டை: ஒரு ஆள் ஒரு மாலை இங்கே இருக்க மையத்துக்கு எவ்வளவு ஆகிறது என்ற எண், அதன் கீழே ‘முடிந்ததைப் போடுங்கள், முடியாவிட்டால் உள்ளே வாருங்கள்’. உண்டியலில் எவர் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் கூடம் தானாக நடக்கவில்லை என்று உறைத்தது. அதற்கு மேல் போட முடிந்தவர்கள் போட்டார்கள்.

முடிவு யார் கையில்?

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, நடத்துவது அவர்தான்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் ஒரு முறையைத் தொடங்கியது. நகராட்சியின் முதலீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை எங்கே செலவழிப்பது என்று பகுதி வாரியாக மக்கள் கூடிப் பேசி முன்னுரிமை குறித்தார்கள். இதற்குப் பங்கேற்பு பட்ஜெட் என்று பெயர். அங்கே பேசப்பட்டது பெரும்பாலும் சாலை, சாக்கடை, தண்ணீர். பிறகு முறை உலகெங்கும் பரவியது. பாரிஸ் 2014-இல் தொடங்கியது.

இங்கிலாந்தில் பிக் லோக்கல் என்ற திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. லாட்டரிப் பணத்திலிருந்து 150 பகுதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 10 லட்சம் பவுண்டு. அந்தப் பகுதியில் வசிப்பவர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட குழுவே முடிவெடுத்தது. எனக்கு அதில் பிடித்தது தொகை அல்ல, அவகாசம். 10 முதல் 15 ஆண்டுகளில் தங்கள் வேகத்தில் செலவழிக்க முடிந்தது. வருடக் கடைசிக்குள் தீர்த்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கவில்லை. அந்த நெருக்கடிதான் யாருக்கும் தேவையில்லாத ஒலிபெருக்கிகளை வாங்க வைக்கிறது.

இதன் சிறிய வடிவத்தை எந்த மையமும் செய்யலாம். குறுநிதி என்பார்கள்: மையம் தன்னிடம் உள்ள பணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதைப் பல சின்னத் துண்டுகளாக்கி, ஒரு பக்க விண்ணப்பத்தில் அக்கம்பக்கத்தாருக்கே கொடுப்பது. பத்துப் பேர் சேர்ந்து சதுரங்க மேசை கேட்கலாம், நான்கு பேர் பழைய புகைப்படங்களைத் திரட்டிக் காட்சி வைக்கக் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல் வரும், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாக்கெடுப்பு வைத்தால் ஆள்பலம் உள்ள குழு ஜெயிக்கும். கால்பந்துக் குழுவுக்கு நாற்பது வாக்கு விழும். காது கேளாதோருக்கான நாடகப் பயிற்சிக்கு ஐந்துதான் விழும். கூட்டத்தில் சத்தமாகப் பேசத் தெரிந்தவர் பேச்சே எடுபடும். மக்கள் தீர்மானித்தார்கள் என்பதற்காக அது நியாயமாகிவிடாது. சில மையங்கள் இதற்குப் பணத்தில் ஒரு பங்கை முதன்முறை கேட்பவர்களுக்கு என்று தனியே ஒதுக்குகின்றன. சில இடங்களில், கேட்டவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் தேவையை மற்றவர் கேட்ட பிறகுதான் முடிவெடுக்கிறார்கள். இரண்டாவது முறைக்கு ஒரு முழு மாலை ஆகும். ஆனால் கால்பந்துக் குழுவே தன் தொகையைக் குறைத்துக்கொண்டு மற்றவருக்கு விட்டதை நான் அந்த மாதிரி ஒரு மாலையில்தான் பார்த்தேன்.

இன்னொரு எளிய விதியும் வேண்டும். தன் குழுவின் விண்ணப்பம் பேச்சுக்கு வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். சிறிய இடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் அல்லது சிநேகிதம். அதனால்தான் இந்த விதி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. பொதுச் சொத்தைச் சிறு சமூகங்கள் எப்படிக் காக்கின்றன என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பயன்படுத்துகிறவர்களே வகுத்த, எல்லோருக்கும் தெரிந்த விதிகளும், அவர்களே செய்யும் கண்காணிப்பும் இருந்தால் பொதுச் சொத்து நிலைக்கிறது என்பதை அவர் ஊர் ஊராகப் பார்த்துக் காட்டினார். கூடத்தின் முன்பதிவு நோட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் தொங்கவிடுவதற்குப் பின்னாலும் இதே அறிவுதான் இருக்கிறது.

சுருக்கமாக: பணம் வரும் வழிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அதைப் பிரித்துக் கொடுக்கும் முறையும் பணத்தைப் போலவே முக்கியம்.

எத்தனை பேர் வந்தார்கள்?

நிதி தந்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். கேட்க வேண்டியதும்தான், பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் தலைக்கணக்கு மட்டும் போதாது.

எங்கள் சதுரங்க மேசைக்கு ஒரு பெரியவர் வருவார். பதினோரு வாரம் வந்தார். ஆடவில்லை. சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பார், எட்டு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பன்னிரண்டாம் வாரம் ஒரு பையன் எதிரே ஆள் இல்லாமல் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தானாக எழுந்து வந்து கறுப்புப் பக்கம் உட்கார்ந்தார். வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டு வாரமும் அவருக்கு எதிரே ஒரே மாதிரி ஒரு டிக் குறிதான் இருக்கிறது. எனக்கு அந்தப் பன்னிரண்டாவது டிக் வேறு.

அதனால் எண்ணோடு சேர்த்து மாதம் ஒரு சிறு குறிப்பும் எழுதி வைக்கச் சொல்வேன். என்ன மாறியது, யார் புதிதாக ஒன்றை ஏற்றுக்கொண்டார், எது சரிவரவில்லை. அறிக்கை கேட்கும்போது தேடி அலைய வேண்டாம். பெயர்களையும் சொந்த விவரங்களையும் அவர்கள் சம்மதமில்லாமல் அறிக்கையில் போடக் கூடாது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நிதியாளர்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. சிறு தொகைக்குச் சிறு அறிக்கை போதும். ஒரு மேசை வாங்கக் கொடுத்துவிட்டு முப்பது பக்கம் கேட்டால், மேசையில் உட்கார வேண்டியவர் அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுவார்.

பதிவு செய்யாத குழு என்ன செய்யும்?

ஐந்தாறு பேர் சேர்ந்த குழுவுக்குச் சட்டப்படியான பதிவும் வங்கிக் கணக்கும் இருக்காது. மானியம் தருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். இங்கே மையமே உதவலாம். குழுவின் சார்பில் பணத்தை வாங்கித் தனிக் கணக்காக வைத்து, குழு சொல்கிறபடி செலவழித்து, கணக்குக்கும் தான் பொறுப்பேற்பது. இந்த ஏற்பாட்டுக்கு நிதிப் பொறுப்பேற்பு என்று சொல்லலாம். இருவருக்கும் இடையே ஒரு பக்கத்தில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: யார் கையெழுத்திட்டால் செலவு, மையம் எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு, குழு கலைந்தால் மிச்சம் எங்கே போகும். நட்பாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதினால் ஒவ்வொரு வரியும் சந்தேகமாகத் தெரியும்.

அந்த அட்டைப்பெட்டிக்கு வருகிறேன். இரண்டாம் வருடக் கடைசியில் வேறொரு மானியத்துக்கு எழுதினோம். செலவுப் பட்டியலின் முதல் வரியாக ‘கூடம் திறந்து மூடும் பொறுப்பு, வாரம் ஐந்து மணி நேரம்’ என்று போட்டோம். பரிசீலித்தவர் தொலைபேசியில் கூப்பிட்டு, இது எதற்கு என்று கேட்டார். பெட்டியின் கதையைச் சொன்னேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், சரி, வரியை அப்படியே வையுங்கள் என்றார்.

சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுக்காமல் மூன்று பேருக்கு முறை வைத்துப் பிரித்தோம். நாடகக் குழு திரும்ப வந்தது. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். பத்து அங்கிகளில் ஆறு பொருந்தவில்லை. செவ்வாய்க்கிழமைத் தையல் குழுவினர் விளிம்பைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை இறக்கி, நீளம் விட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். கூலி கேட்கவில்லை. நூலுக்கான செலவை ஒரு வரியிலும், அவர்களின் பதினெட்டு மணி நேரத்தை உழைப்புப் பங்களிப்பு என்று அதற்கு அடுத்த வரியிலும் எழுதினேன்.